ரேடியேட்டர் தண்ணீர் போன இடம்

இன்கம்மின் இருபத்தாறு வயதுப் பிக்கப் வண்டி மேடேறும்போதெல்லாம் அதன் ரேடியேட்டர் தண்ணீர், எட்டுக் கிலோமீட்டர் தள்ளி, அவனுடைய முன்னாள் மனைவி புவாலாயின் வீட்டின்மேல் மட்டும் மழையாகப் பெய்தது. பக்கத்து வாசலில் காய்ந்த மிளகாயில் ஒரு சொட்டு விழவில்லை. இரண்டு வருஷம் இப்படியே போனது. மழையைப் பார்த்தவர்கள் வண்டியை நினைக்கவில்லை, வண்டி கொதித்து நிற்பதைப் பார்த்தவர்கள் மழையை நினைக்கவில்லை. இரண்டையும் முடிச்சுப்போட, வட தாய்லாந்தின் லீ ஊர்க்காரர்களான எங்களில் ஒருவருக்கும் தோன்றாமல் போனது, வம்புக்குப் பேர்போன எங்களுக்குக் கொஞ்சம் அவமானம்தான்.

மெக்கானிக் மந்தியன் செய்யாத வைத்தியம் இல்லை. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கொதிநீரில் போட்டுப் பார்த்தான், ஒழுங்காகத் திறந்தது. மூடியை மாற்றினான், பெல்ட்டை இறுக்கினான், பம்ப்பையும் புதிதாகப் போட்டான். ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்று ஆயில் குச்சியை உருவிப் பார்த்தான். ஆயில் பால்போல் வெளுக்கவில்லை, புகையிலும் வெள்ளை இல்லை. எங்கும் ஒழுகல் கிடையாது, ஆனால் ஒரு ஏற்றத்துக்கு நாலு லிட்டர் காணோம். அந்த ஆகஸ்டில் கதை முற்றிவிட்டது. இன்கம் தோப்பு லோங்கன் பழத்தை முழுக்கப் பறித்து நாற்பது கூடை நிரப்பி வைத்திருந்தான். மூன்றாம் நாள் தோல் கறுத்தால், மேட்டுக்கு அந்தப்பக்கம் லம்பூன் நகரத்து வியாபாரி கையால்கூடத் தொடமாட்டான், வருஷத்து உழைப்பு மாட்டுக்குப் போகும். தண்ணீர் போகிற வழியைப் பிடிக்கச் சாயம் கலந்து பார்ப்போம் என்றான் மந்தியன். கைக்கு அகப்பட்டது பட்டறைச் சாமிக்குப் படைத்திருந்த சிவப்பு சர்பத். சர்க்கரைப்பாகு ரேடியேட்டருக்கு ஆகாது என்று தெரிந்தேதான் ஊற்றினான்; சாமியிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டான். இன்கம் வெறும் வண்டியோடு மேடேறி, கொதிக்கவிட்டுத் திரும்பினான்.

மதியத்துக்குள் சேதி வந்தது: புவாலாய் வீட்டில் சிவப்பு மழை, கூரையெல்லாம் எறும்பு. மந்தியன் கையைத் துடைத்துக்கொண்டே, "அண்ணே, ஒழுகற எடம் கெடச்சிருச்சு. நீங்கதான் போய்ப் பேசணும்" என்றான். பேசுவதைக் கேட்கத் தானும் கூடவே போனான்.

பிரிந்த நாளுக்குப் பிறகு இன்கம் அந்த வாசலை மிதித்தது அன்றைக்குத்தான். வீடு அவளுக்கு, வண்டி அவனுக்கு என்று சண்டையில்லாமல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியின் இஷ்டத்தை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புவாலாய் சிவந்துபோன படுக்கைவிரிப்பை அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இத்தன நாளு உன் வண்டியோட துரு வாடை. இன்னைக்கு சர்பத்து. அடுத்த வாரம் என்ன, நூடுல்ஸா?"

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? என் காராமணி அந்தத் தண்ணியிலதான் காய்க்குது."

"என் பழம் கறுத்துரும், புவாலாய்." இரண்டு வருஷத்தில் இன்கம் இறங்கிப் பேசியது அவ்வளவுதான்.

மந்தியன் இடையில் புகுந்தான். "அக்கா, தண்ணி உங்களத் தேடித்தானே வருது? நீங்களே வண்டியில உக்காந்துட்டா அது எங்க போகும்?"

அவள் யோசித்து நிபந்தனை போட்டாள். ஜன்னல் கண்ணாடி தன் இஷ்டம். வழியில் அவன் பாடக்கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் அவன் தனியாக ஒருதரம் மேடேறிக் காராமணிக்குப் பாய்ச்ச வேண்டும். ரேடியேட்டரை அலசித் தண்ணீர் மாற்றியதும், மறுநாள் விடியலில் நாற்பது கூடையோடு கிளம்பினார்கள். சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை. வியாபாரி சொன்ன விலைக்கு இன்கம் தலையாட்டப் போக, அவள் இறங்கிக் கிலோவுக்கு மூன்று பாட் விலை ஏற்றிவிட்டுத்தான் மறுபடி ஏறினாள்.

அதன்பின் ஒன்பது அறுவடை அப்படியே போயிற்று. மறுபடி சேர்ந்து வாழ்வார்கள் என்று நாங்கள் நாள்கூடக் குறித்துக் கொடுத்தோம். இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பழைய வண்டிகளுக்கான வருஷாந்தரப் பரிசோதனைக்குப் போனபோது, அதிகாரி மூடியைத் திறந்து பார்த்தார், மந்தியனிடம் விவரம் கேட்டார், வியப்பு ஏதும் காட்டாமல் எழுதினார்: வண்டியில் எப்போதும் இருக்க வேண்டியவை, மாற்று டயர், ஜாக்கி, புவாலாய். அவள் தாளை வாங்கிப் படித்துவிட்டு, ஜாக்கிக்கு அப்புறமா என்று கேட்டாள். அவர் வரியை அடித்துவிட்டு, அவள் பெயரை முதலில் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.