சொல்லாமல் விட்ட வீடு

யாழ்ப்பாணத்துச் சனத்தைக் கடிதம் போட்டு ஒரு கூட்டத்துக்கு வரவழைத்துவிடலாம் என்று நினைப்பவருக்கு அந்தச் சனத்தைத் தெரியாது என்றுதான் அர்த்தம். கிர்ஷ்மாட் ஆரம்பப் பாடசாலையின் புது அதிபர் ஏபிஷர் அம்மாவுக்கு அது தெரியாததில் ஆச்சரியமில்லை. அவர் சுவிஸ் மலைப்பக்கத்துக்காரி. ஆனால் சஜீதாவுக்குமா தெரியாமல் போயிற்று? இரண்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து பேர்ணுக்கு வந்து, அதே கிர்ஷ்மாட்டில் படித்து, அங்கேயே மூன்றாம் வகுப்பு ஆசிரியையாகவும் ஆகிவிட்டவள் அவள். அழைப்புக் கடிதத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்ததே அவள்தான். எழுதி முடித்ததும், நன்றாக வந்திருக்கிறது என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள் வேறு.

நடந்தது 2015இல். பேர்ண் நகரத்துக்கு வெளியே, ரயில் பாதைக்குக் கீழே அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கும் பகுதியில் இருந்தது கிர்ஷ்மாட். தமிழர், அல்பேனியர், போர்த்துக்கேயர் என்று எல்லா நாட்டுப் பிள்ளைகளும் வருகிற பள்ளி. வந்த ஆசிரியர்கள்தான் நிற்கவில்லை. ஒரு வகுப்புக்கு ஒரே வருடத்தில் மூன்று ஆசிரியர் மாறிய கதையும் உண்டு. முடிந்த பெற்றோர் எல்லாம் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டுத் தங்கள் பிள்ளைகளை ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து மேட்டுப் பள்ளிக்கு மாற்றிக்கொண்டார்கள். கடைசியில், இதை மூடிவிடலாம் என்று ஊராட்சியும் முடிவு செய்தது.

அந்த நேரத்தில் வந்து சேர்ந்தவர்தான் ஏபிஷர் அம்மா. ஒல்லியான உடம்பு, ஆனால் பிடித்தால் உடும்புப் பிடி. கன்டோன் என்கிற மாநில அரசோடு மல்லுக்கட்டி ஒரு தனி அனுமதி வாங்கிவிட்டார். அடுத்த ஐந்து வருடத்துக்கு கிர்ஷ்மாட் தன்னைத் தானே நடத்தலாம். ஆசிரியர்களைத் தானே தேர்ந்தெடுக்கலாம், நேரசூசியைத் தானே போடலாம். மத்தியானம் சுடுசாப்பாடு, வீட்டுப்பாடம் முழுக்கப் பள்ளியிலேயே ஆசிரியர் முன்னால். அரசாங்கப் பள்ளியேதான், கட்டணம் எதுவும் கிடையாது. ஒரேயொரு நிபந்தனை. யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, பெற்றோர் தாமாக விரும்பிப் பதிய வேண்டும். ஈஸ்டருக்கு முன் வகுப்புகள் நிரம்பாவிட்டால் கோடை விடுமுறையோடு பள்ளிக்குப் பூட்டு.

பூட்டினால் சஜீதாவுக்கு வேலை போய்விடாது. ஆசிரியருக்கு எங்கும் தட்டுப்பாடுதான், வேறு பள்ளியில் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார்கள். ஆனால் அவளுக்குக் கிர்ஷ்மாட் வேண்டும். ஜெர்மன் எழுத்துப் படித்தது, முதல் சிநேகிதி பிடித்தது எல்லாம் அந்தக் கட்டடத்தில்தான். அது மூடப்படும் என்று கேட்ட நாளிலிருந்து, சொந்த வீட்டை யாரோ விலை பேசுகிற மாதிரி அவளுக்குப் பொறுக்கவில்லை.

கடிதம் போன கூட்டத்துக்கு நாலைந்து அல்பேனியத் தாய்மாரும் ஒரு போர்த்துக்கேயத் தகப்பனும் வந்தார்கள். தமிழர் வீடுகளிலிருந்து ஒரு குருவிகூட வரவில்லை. போட்ட கல் கிணற்றுக்குள்தான் விழுந்திருந்தது. "உங்கள் ஆட்களுக்கு இதில் அக்கறை இல்லையா?" என்று ஏபிஷர் அம்மா மெதுவாகக் கேட்டார். சஜீதாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து புருஷன் மதுஷனிடம் புலம்பினாள். அவன் மின்சார வேலைக்காரன். பேச்சும் அப்படித்தான், தொட்டால் அடிக்கும்.

"தபாலில போட்டனியோ? உன்ர கலியாணத்துக்குத் தபாலிலயோ சொன்னவை? வீட்டுக்கு வீடு ஏறி இறங்கிக் உன்ர அப்பாவின்ர செருப்புத் தேய்ஞ்சது மறந்துபோச்சோ?"

"இது கலியாணமில்லை, பள்ளிக்கூடக் கூட்டம்."

"எங்கட சனத்துக்குப் பள்ளிக்கூடத்தில இருந்து கடிதம் வந்தால் அது பிள்ளையில முறைப்பாடு. ஆள் வந்து கதவைத் தட்டிச் சொன்னால்தான் மரியாதை. நேர போய்ச் சொல்லு, ஆர் வராமல் நிக்கினம் எண்டு பாப்பம்."

மறுநாள் அதை அதிபரிடம் சொன்னபோது அவர் பயந்தே போனார். முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் வீட்டு மணியை அடிப்பதா? அந்த நாட்டில் அண்ணன் வீட்டுக்குப் போவதற்கே நாள் குறிப்பார்கள். என்றாலும் பள்ளிக்காக எதையும் செய்யத் துணிந்த மனுஷி. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

முதல் வீட்டில் தேத்தண்ணியும் பகோடாவும். இரண்டாவதில் தேத்தண்ணியும் ரோல்ஸும். மூன்றாவதில் அவர் வயிற்றைத் தடவிக்கொண்டு வேண்டாம் என்றார். வீட்டுக்காரிக்கு முகம் தொங்கிவிட்டது. "குடியுங்கள், இல்லாவிட்டால் வந்ததே வீண்" என்று சஜீதா ஜெர்மனில் முணுமுணுத்தாள். பாவம், அதன் பிறகு அவர் எந்த வீட்டிலும் மறுக்கவில்லை. சப்பாத்தை வாசலில் கழற்றவும், தட்டில் ஒன்றை எடுத்த பிறகே விஷயத்தைத் தொடங்கவும் பழகிக்கொண்டார்.

லாண்டரியில் வேலை செய்கிற பாலேந்திரன் மட்டும் நறுக்கென்று கேட்டார். "புதுசா ஏதோ பரிசோதனை செய்து பாக்கப் போறியளாம். எங்கட பிள்ளையள் என்ன எலியளோ?"

சஜீதா அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள். பாலேந்திரன் தானே அரைகுறை ஜெர்மனில் சொல்லிவிட்டார். ஏபிஷர் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "இவ்வளவு வருடமாக நடந்ததுதான் பரிசோதனை. அது தோற்றுப்போய்விட்டது. அதை நிறுத்தத்தான் நான் வந்திருக்கிறேன்." பாலேந்திரன் இன்னும் ஒரு வடையை அவர் தட்டில் வைத்தார்.

இரண்டாவது கூட்டத்துக்குச் சனம் அள்ளுகொள்ளையாக வந்தது. பட்டுச் சேலை, பூ, கைக்குழந்தை, தாம்பாளத்தில் பலகாரம். கதிரை போதாமல் உடற்பயிற்சிக் கூடத்து நீள வாங்குகளை இழுத்துப் போட்டார்கள். அல்பேனியப் பெண்களும் பலகாரத்தைத் தின்றுவிட்டு, செய்முறை கேட்டார்கள். ஏபிஷர் அம்மா பேசினார், கைதட்டினார்கள். சஜீதாவுக்கு மனம் குளிர்ந்தது. பதிவு மேசைக்குப் போய்ப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அல்பேனியர் பதிந்தார்கள், போர்த்துக்கேயர் பதிந்தார்கள். தமிழர்கள் மேசையருகே வந்து, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுகிற மாதிரி இனிமையாகச் சிரித்து, "பாப்பம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். பாலேந்திரன்கூட அப்படியே நழுவினார். அந்த வார்த்தை எங்கள் சனத்தின் வாயிலிருந்து வந்தால் அதற்கு என்ன பொருள் என்று சஜீதாவுக்குத் தெரியாதா? மாட்டோம் என்பதை மரியாதையாகச் சொல்கிற விதம் அது.

கடைசியாக வந்தவள் புனிதவதி. சுற்றிவர ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா வரேல்லைப் போல கிடக்கு. அவ என்ன சொல்லுறா?"

அப்போதுதான் சஜீதா மண்டபத்தைச் சரியாகப் பார்த்தாள். அவளுடைய சொந்த அக்கா ஜெயகௌரியைக் காணோம்.

ஜெயகௌரி என்றால் அந்தப் பகுதித் தமிழருக்கு ஓர் அதிகாரம். கோயில் மாதர் சங்கம் அவள் சொல்லில்தான் நடக்கும். எந்த வைத்தியரிடம் போவது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று எல்லாரும் கேட்பது அவளைத்தான். அவள் தன் மூன்று பிள்ளைகளையும் மேட்டுப் பள்ளிக்கு மாற்றியபோதுதான் மற்றவர்களும் மாற்றத் தொடங்கினார்கள். கூடப் பிறந்த தங்கச்சி நடத்துகிற கூட்டத்துக்கு அப்படிப்பட்டவள் வரவில்லை என்றால், இதில் ஏதோ இருக்கிறது என்றுதானே சனம் நினைக்கும்?

"கொக்காவுக்குச் சொன்னனியோ?" என்று கேட்டான் மதுஷன், காரில் ஏறும்போது.

"அக்காவுக்கு என்னத்துக்குச் சொல்லுறது? அவ எங்கட ஆள். ஒவ்வொரு நாளும் போனில இதைத்தானே கதைக்கிறனான்."

மதுஷன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். "ஊருக்கெல்லாம் வாசல்ல போய்ச் சொல்லிப்போட்டு, கூடப் பிறந்தவளுக்குப் போனில கதைச்சனியோ? நல்லா இருக்கு."

விளக்கின் அடியில்தான் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள். தங்கள் ஆட்கள்தானே என்று விட்டுவிடுகிற அந்தப் பிழையால் எங்கள் சனத்தில் எத்தனை கலியாணங்களில் கூடப் பிறந்தவர்களே முகம் பார்க்காமல் பிரிந்திருக்கிறார்கள்! முதலில் சொல்ல வேண்டிய வீடே அந்த வீடுதான். சஜீதா வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிழை தன்னுடையது என்று தெரிந்தால் அவளுக்கு வாய் திறக்காது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அடுத்த சனிக்கிழமை பின்னேரம் அதிபரையும் அழைத்துக்கொண்டு, ஒரு தட்டில் பழமும் வைத்துக்கொண்டு அக்கா வீட்டு மணியை அடித்தாள். கதவைத் திறந்த ஜெயகௌரி தங்கச்சியை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"வாங்கோ டீச்சர்" என்றாள்.

சஜீதாவைப் பிறந்ததிலிருந்து "எடி சஜி" என்று கூப்பிட்ட வாய் அது.

தேத்தண்ணி வந்தது. பலகாரம் வரவில்லை. அதைக் கவனிக்கிற அளவுக்கு இப்போது ஏபிஷர் அம்மாவும் தேறியிருந்தார். அவர் தாமே தொடங்கினார். "உங்களிடம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். வராதது எங்கள் பிழை. இப்போது அழைக்க வந்திருக்கிறோம்."

ஜெயகௌரிக்குப் பேர்ண் ஜெர்மன் தண்ணி பட்ட பாடு. ஆஸ்பத்திரியில் சத்திர சிகிச்சைக் கருவிகளைக் கிருமி நீக்குகிற பகுதியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை. அந்த ஜெர்மனிலேயே அவள் அதிபருக்குப் பதில் சொன்னாள்.

"உந்தப் பள்ளிக்கூடம் என்னை எப்ப கூப்பிட்டது? நான் பத்து வயசில இஞ்ச வந்தனான். பாஷை தெரியாது எண்டு கடைசி வாங்கில இருத்திச்சினம். பாஷை பிடிபட்ட பிறகும் அங்கதான் இருந்தனான். பதினைஞ்சு வயசில, இந்தப் பிள்ளைக்கு லாண்டரி நல்லா ஒத்துவரும் எண்டு எழுதிக் குடுத்திச்சினம். அப்பாவுக்கு ஜெர்மன் தெரியாது. அதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் நான்தான்."

பக்கத்து அறையில் பிள்ளைகள் மூவரும் எதற்கோ சண்டை பிடிப்பது கேட்டது.

"பிறகு இவள் படிக்கேக்க, ஒவ்வொரு பெற்றோர் சந்திப்புக்கும் வேலையில இருந்து ஓடிவந்து அந்தச் சின்னக் கதிரையில இருந்தவளும் நான்தான். இவளைப் படிக்க விடுங்கோ, இவள் டீச்சராக வருவாள் எண்டு அவையோட வாதாடினதும் நான்தான். என்னை ஒருத்தரும் வாங்கோ எண்டு கேக்கேல்லை. நானாப் போய் நிண்டனான். இப்ப என்ர பிள்ளையளையும் அதே இடத்தில கொண்டுவந்து விடட்டாம்."

அதிபர் சமாதானம் சொல்லவில்லை, பள்ளியின் புதுத் திட்டத்தை விளக்கவும் முற்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். "அப்போது உங்களிடம் அவர்கள் என்ன கேட்டிருக்க வேண்டும்?"

ஜெயகௌரி இதை எதிர்பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து மடியில் நீவி விட்டாள். "என்னவா வர விருப்பம் எண்டு ஒருக்கால் கேட்டிருக்கலாம்."

"என்னவாக வர விருப்பம்?"

ஜெயகௌரி சிரித்தாள். கன்னம் சிவந்து, நாற்பத்தொரு வயதுப் பெண் பத்து வயதுப் பெட்டையாகிவிட்டாள்.

"டிராம் ஓட்ட. நாங்கள் வந்து இறங்கின அண்டைக்கு, பேர்ண் ஸ்டேஷனுக்கு முன்னால ஒரு பொம்பிளை டிராம் ஓட்டிக்கொண்டு வந்தா. கொண்டையைத் தூக்கிக் கட்டியிருந்தா. ரோட்டில நிண்ட அவ்வளவு சனமும் அவவுக்கு வழி விட்டுது. எனக்கு அப்பிடியொரு ஆசை."

சஜீதாவோடு முப்பது வருடம் ஒரே சோற்றைத் தின்ற அக்கா. தன் பள்ளிக்கூடத்துச் சின்னச் சின்னச் சங்கதி எல்லாம் அக்காவுக்குத் தெரியும். அக்காவைப் பற்றித் தனக்கு இது தெரியாது.

"ஏனக்கா எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?" என்றாள் தமிழில்.

"நீ கேட்டனியே?"

கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அதனால்தான் சஜீதாவுக்கு அழுகை வந்தது. அழட்டும் என்று விட்டுவிட்டு ஜெயகௌரி எழுந்து போய், ஒரு தட்டு நிறையப் பயற்றம் பணியாரம் கொண்டுவந்து அதிபருக்கு முன்னால் வைத்தாள்.

"என்ர மூண்டு பிள்ளையளும் வருங்கள்" என்றாள் ஏபிஷர் அம்மாவிடம். "ஆனால் ஒரு கதை. வருஷத்துக்கு ஒருக்கால் ஒவ்வொரு பிள்ளையையும் இருத்தி, இப்ப என்னைக் கேட்ட கேள்வியைக் கேக்கோணும். எல்லாப் பிள்ளையையும். கடைசி வாங்கில இருக்கிறதையும். கேக்கிறியளோ எண்டு நான் வந்து பாப்பன்."

"வாருங்கள்" என்றார் அதிபர். "பெற்றோர் சபைக்கு ஒருவர் தேவை."

"அதைப் பிறகு கதைப்பம்" என்று ஜெயகௌரி போனை எடுத்தாள். "புனிதமோ? நான் என்ர மூண்டையும் கிர்ஷ்மாட்டில பதிஞ்சிட்டன். ஓம், தங்கச்சியும் அதிபரும் வீட்டை வந்து சொன்னவை. நீ என்னத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறாய்?" அடுத்தது பாலேந்திரன் வீடு. அதற்கடுத்தது இன்னொரு வீடு. பணியாரத் தட்டு காலியாவதற்குள் சஜீதாவின் வகுப்பு நிரம்பிவிட்டது. மற்ற வகுப்புகளுக்கும் இனிப் பயமில்லை. ஏபிஷர் அம்மாவுக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு கையாலும் ஜெயகௌரியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வாசலில் சப்பாத்தை இடம் வலம் மாற்றிப் போட்டு, திரும்பவும் கழற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

சஜீதா மட்டும் நின்றாள். குசினியில் அக்கா கோப்பைகளைக் கழுவ, இவள் துடைத்தாள்.

"அக்கா, இப்பவும் விருப்பமோ?"

"என்னது?"

"டிராம் ஓட்ட."

"உனக்கென்ன விசரோ? நாப்பத்தொரு வயசில, மூண்டு பிள்ளைக்குத் தாய், டிராமாம்." ஜெயகௌரி ஒரு கோப்பையை நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினாள். பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டுத் தங்கச்சியின் பக்கம் திரும்பினாள்.

"ஏன், என்னை வேலைக்கு எடுப்பினமோ?"