தண்டில் காய்த்த கிழங்கு

கொழுந்தன் வாயைத் திறந்தாலே பாதி அளப்பாகத்தான் இருக்கும். அதனால் அவன் போனில் சொன்னதை அண்ணிக்காரி நம்பவில்லை.

"உங்க விதைக்கு ஈடே இல்ல அண்ணி! மண்ணுக்குள்ள இடம் பத்தாம செடி மேலயே கிழங்கு காய்ச்சிருக்கு!"

"காலையில கிண்டல் பண்ண வேற ஆளே கிடைக்கலையா தம்பி?"

ஆலை வேலையை உதறிவிட்டு அவன் முதன்முதலாகப் போட்ட உருளைக்கிழங்குப் பயிர் அது. அவளும் அவள் கணவரும் விதைக்கிழங்கு பயிரிடுகிறவர்கள். அவனுக்கான விதையை அவளே கையால் பொறுக்கிக் கொடுத்திருந்தாள்.

அவன் விடாமல் கூப்பிடவே, ஒரு நடை பார்த்துவிட்டு வரலாம் என்று போனாள்.

வரப்பில் ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள். நுனி இலைகள் சுருண்டு, கத்தரிக்காய் நிறத்தில் கிடந்தன. இலை தண்டோடு சேரும் இடமெல்லாம் கரும்பச்சையாகக் குட்டிக் கிழங்குகள். ஒரு செடியைப் பிடுங்கினாள். வேரில் கோலிக்குண்டு அளவுக்கு நாலைந்து, அவ்வளவுதான்.

"என்ன அண்ணி, பேச்சையே காணோம்?" அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

மத்தியானமே பயிர் நோய் பார்க்கும் டாக்டரம்மா வந்தார். வயலுக்குள் சிறிது தூரம்கூடப் போகவில்லை; வரப்போரச் செடிகளைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டு செடியைப் பரிசோதனைக்கு எடுத்துக்கிறேன். ஆனா எனக்குச் சந்தேகமே இல்ல. மைக்கோபிளாஸ்மா மாதிரி ஒரு கிருமி. செடி செய்யற சாப்பாடு கீழ இறங்குற வழியை அடைச்சிடுது. அதான் மேலயே கிழங்கு கட்டுது. இலைச் சாறு உறிஞ்சற தத்துப்பூச்சி பரப்பும், விதை வழியாவும் வரும்."

"மருந்து?"

"குணமாக்க மருந்து கிடையாதும்மா. பிடுங்கி அழிக்கணும்."

விதை என்ற சொல் அவள் காதில் ஆணியாக இறங்கியது. "எங்க வயல்ல இப்படி ஒரு செடிகூட இருந்ததில்லையே!"

"அறுவடைக்கு முன்னால கடைசி நேரத்துல பூச்சி உக்காந்திருந்தா செடியில ஒண்ணும் தெரியாது. ஆனா கிருமி கிழங்குல இறங்கியிருக்கும்."

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கிடங்கில் அதே விதையில் மிச்சமிருந்த பெட்டிகளைக் கணவர் ஒவ்வொன்றாக உடைத்தார். குட்டையாய், தடியாய் இருக்க வேண்டிய முளைகள் தையல் நூல் மாதிரி நீண்டு பின்னிக் கிடந்தன. இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி, எல்லாமே நூல். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"பக்கத்து வயல்காரங்களுக்கும் இதைத்தானே குடுத்தோம்?" என்றார் அவர்.

"நானே போய்ச் சொல்றேன்."

சொன்னாள். ஒருத்தர் கதவை முகத்தில் அடித்தார். இன்னொரு வீட்டம்மா உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

மறுநாள் கொழுந்தன் வயலில் அவளும் இறங்கிப் பிடுங்கினாள். அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"தெரிஞ்சா குடுத்தீங்க? விடுங்க அண்ணி" என்றான் அவன். சொல்லும்போதே குரல் உடைந்தது. சட்டென்று திரும்பி அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.

அந்தப் பருவத்தில் அந்தப் பக்கம் யாரும் கிழங்கு தோண்டவில்லை. அடுத்த பருவம் சோதித்த விதையை வெளியிலிருந்து வாங்கி நட்டார்கள். தத்துப்பூச்சி தங்கும் வரப்புக் களைகளை எல்லோரும் சேர்ந்தே வெட்டினார்கள். விளைச்சல் சுமார்தான். ஆனால் எல்லாக் கிழங்கும் மண்ணுக்குள் இருந்தது.