அக்காவின் வலிக்கு நான் போட்ட மதிப்பெண்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு மருத்துவமனைப் படிவத்தில் பிறந்தது. ஏழாவது கேள்வி, 'வலியை விவரிக்கவும்.' கீழே நான்கு கோடுகள். எழுத்தாளன் கையில் நான்கு காலிக் கோடுகளைக் கொடுப்பது ஆபத்து என்று அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வலி என்னுடையதல்ல, அக்காவுடையது. அக்கா பேருந்து ஓட்டுநர். இருபத்திரண்டு வருடம் இருக்கையில் குலுங்கியவளுக்கு இடுப்புப் பக்கம் முதுகெலும்பில் இரண்டு வட்டுகள் தேய்ந்துவிட்டன. பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. மருத்துவர்களின் காத்திருப்பு அறைகளிலோ இரண்டு மணிநேரத்துக்குக் குறைவாக யாரும் உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை. எனவே ஸ்கேன் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளுக்காக நான் அலைந்தேன்.

2

படிவம் கைக்கு வருவதற்கு முன்பே அக்காவை வைத்து ஒரு கதையை இப்படித் தொடங்கியிருந்தேன்: 'அக்காவின் முதுகுக்குள் ஒரு பழைய வீடு மெல்ல இடிந்துகொண்டி

அக்கா எட்டிப் பார்த்தாள். "வீடு எங்கடா வந்துச்சு? டிஸ்க் தேஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

அடித்துவிட்டேன். [நல்ல வீடு. வேறெங்காவது உதவும்.]

3

முதல் மருத்துவர் அக்காவை அசையாமல் படுக்கச் சொன்னார். இரண்டாமவர் அதே படத்தைப் பார்த்துவிட்டு, படுக்கச் சொன்ன புண்ணியவான் யார் என்று கேட்டார், நடக்க வேண்டுமாம். பெரியம்மா ஃபோனில் பெல்ட் போடச் சொன்னார். அவருடைய மருமகன் பெல்ட்டைக் கழற்றியதால்தான் பிழைத்தாராம். மாடி வீட்டுக்காரர் தலைகீழாகத் தொங்கச் சொன்னார். அவருக்கு முதுகுவலி வந்ததே இல்லை, ஆனாலும் அபிப்பிராயம் இருந்தது.

மூன்றாமவர் அறுவைசிகிச்சை நிபுணர். அந்தப் படிவம் அவருடையது. நான்கு கோடுகள் போதாமல் பின்பக்கமும் போனேன். காலில் மின்னல் இறங்குகிறது என்று எழுதினேன். முதுகில் பழைய வீடு இடிகிறது என்றும் எழுதினேன். (சொன்னேனே, உதவும் என்று.) கடைசியில் ஒரு கட்டம்: வலிக்குப் பத்துக்கு எத்தனை? ஏழு சப்பென்று இருந்தது, பத்து மிகை. எட்டு போட்டேன்.

டாக்டர் படித்தார். முகம் மாறியது. இத்தனை வருடத்தில் என் எழுத்து ஒருவரைக் கலக்கியது அன்றுதான். உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது. [இந்த வரியை எடுத்துவிட வேண்டும்.]

"படத்துல இவ்வளவு தெரியல. ஆனா வலி இப்படின்னா தள்ளிப்போட முடியாது. வியாழக்கிழமை கூட்டிட்டு வாங்க. ஒருதடவை பாத்துட்டு ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சிடலாம்."

"அப்புறம் பஸ் ஓட்டலாமா டாக்டர்?"

"அதுக்கு உறுதி சொல்ல மாட்டேன்."

4

அக்கா படிவத்தின் நகலை வாங்கிப் படித்தாள்.

"மின்னல் எப்படா இறங்குச்சு?"

"அது உவமைதான்க்கா."

"உன் உவமைக்கு என் முதுகக் கிழிப்பாங்களா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வியாழக்கிழமை மாற்றிக் கொடுக்கலாம் என்று, கேட்டு வாங்கி வந்திருந்த புதுப் படிவம் ஒன்றை நீட்டினேன். 'லேசான வலி. வேலைக்குப் போகலாம்' என்று எழுதினாள். எண்: இரண்டு.

பொய்யன் தம்பி, உண்மை பேசும் அக்கா என்று இங்கேயே முடிப்பதாகத்தான் திட்டம். நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். ஆனால் அவள் அதை உட்கார்ந்து எழுதவில்லை. ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காகிதத்தை அழுத்திக்கொண்டு நின்றபடி எழுதினாள். நடுவில் பேனா விழுந்தபோது குனியவில்லை, என்னைப் பார்த்தாள்.

நான் கதைக்காகக் கூட்டினேன். அவள் ஸ்டியரிங்குக்காகக் குறைத்தாள். ஒரே ரத்தம் அல்லவா.

5

முடிவு அ: டாக்டரிடம் இருக்கும் எட்டை அப்படியே விட்டுவிடுகிறேன். ஆபரேஷன் நடக்கிறது. அக்கா டிப்போ வாசலில் நின்று மற்றவர்களின் பஸ்ஸுக்கு நேரம் குறிக்கிறாள்.

முடிவு ஆ: அதற்குப் பதிலாக அக்காவின் இரண்டைக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை வண்டி எடுக்கிறாள். சிக்னலில் பிரேக் மிதிக்க வேண்டிய கால் மரத்துப்போய்

[எழுத மாட்டேன். அவளுக்குப் பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.]

6

இன்று புதன். மூன்றாவது படிவம். பார்த்ததை மட்டும் எழுதினேன்:

'காலையில் செருப்பை நான் மாட்டிவிட்டேன். கட்டிலிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு முறை நின்றாள். வலது கால் மரத்துப்போவதாக ஒருமுறை சொன்னாள். பிறகு, சொல்லவே இல்லை என்றாள். மறுபடி பஸ் ஓட்ட வேண்டும் என்கிறாள்.'

நான்கு கோடுகள் சரியாக இருந்தன. எண்ணுக்கான கட்டத்தைக் காலியாக விட்டேன். உங்களுக்கு ஏதாவது எண் தோன்றினால் தயவுசெய்து உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஏற்கெனவே போதுமான அபிப்பிராயம் இருக்கிறது.

"எழுதிட்டியா?" என்றாள் அக்கா, உள்ளேயிருந்து.

"எழுதிட்டேன்."

"வீடு இடியுதா?"

"இல்லக்கா."

சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து படித்தாள். செருப்பு வரியைத் தாண்டினாள். அடுத்த வரியில் வெகுநேரம் நின்றாள். கிழித்துவிடுவாள் என்றே நினைத்தேன். பேனாவைக் கேட்டாள். 'இரண்டு முறை' என்பதில் இரண்டை அடித்துவிட்டு, மேலே எழுதினாள்: மூன்று.