பாலம் சோத்தாங்கைப் பக்கம்

மகனைக் காணோம் என்றால் ஊரில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஏகாம்பரம் ஒருவர் சொன்னதையும் நம்பவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு, தேடுகிறோம் பெரியவரே என்றார்கள். தேடுகிறவன் நாற்காலியிலா உட்கார்ந்திருப்பான் என்று கேட்டுவிட்டு வந்தார். குறி சொல்கிறவள், பையன் வடக்கே இருக்கிறான் என்றாள். வடக்கே இமயமலை வரைக்கும் கிடக்கிறது, அதில் எந்த இடம் என்று சொல்ல அவளுக்குத் துப்பில்லை. கடைசியில் அவர் நம்பியது தன் இரண்டு கால்களை மட்டும்தான். பட்டினப்பாக்கம் மணல், அடையாறு முகத்துவாரம், மந்தைவெளி ரயில் தூண்களின் அடி என்று அலைந்தார். பிளாட்பாரத்தில் போர்த்திப் படுத்திருந்தவர்களின் துணியை விலக்கி விலக்கிப் பார்த்தார். ஒருவன் எழுந்து அறைந்தான். வாங்கிக்கொண்டு அடுத்தவனிடம் போனார்.

வெங்கடேஷுக்கு நாற்பது வயது. கோடம்பாக்கத்தில் சினிமா செட்டுகளுக்கு வர்ணம் அடிக்கிறவன். மனசு கலங்கிப்போய் மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தான். மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று ஏகாம்பரம் போன வருஷமே பார்த்துவிட்டார். கழுத்தளவு கடலில் நின்றுகொண்டிருந்தவனை வலைக்காரர்கள் இழுத்துவந்து கரையில் போட்டார்கள். இந்தத் தடவை மாத்திரை அட்டையையும் செல்போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஏகாம்பரத்துக்கு டாக்டர்கள்மேல் நம்பிக்கை கிடையாது. தூங்கவைத்துக் காசு பிடுங்குகிற கூட்டம் என்பார். ஆனாலும் அந்த அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் தெருத் தெருவாகப் போனார்.

மகன் கடைசியாகப் போட்ட படம் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. மந்தைவெளியில் ஏகாம்பரம் சலூன் வைத்திருந்தபோது கடைக்கு எதிரே ஓடிய கால்வாய். தூணும் ரயிலும் வராத காலத்துக் கால்வாய். கரையில் பூவரசு, தண்ணீரில் எருமைகள், ஒரு மரப்பாலம், அக்கரையில் குடிசைகள், மேலே சாயங்கால வானம். நல்ல படம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஏகாம்பரம் பார்த்த மாத்திரத்தில் தப்பைக் கண்டுபிடித்தார்.

"இன்னாடா இது, பாலத்த சோத்தாங்கைப் பக்கம் போட்டுக்கிற? நம்ம கடையில நின்னா அது பீச்சாங்கைப் பக்கம்டா. கண்ண பொடனியில வெச்சிக்கினு வளந்தியா நீ?"

வானத்தில் வேறு, நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி, கிளிமூக்கு மாங்காய் போல ஒரு பழுப்புக் கறை. ஈரம் பட்டுவிட்டது என்று ஏகாம்பரம் துண்டால் துடைக்கப் போனார். மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அது அங்கதான் நைனா கீது. வுடு."

அதற்கப்புறம் அப்பனுக்கும் பிள்ளைக்கும் பெரிதாகப் பேச்சில்லை. ஒரு நாள் விடிந்தபோது அவன் பாய் காலியாகக் கிடந்தது.

ஒரு வாரம் ஓடிவிட்டது. சைதாப்பேட்டையிலிருந்து வந்து உடன் தங்கியிருந்த மகள் ஜெயபாரதி, அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு அன்று காலையில் வழியை மறித்தாள். "தேடுற ஆளு நீயா, தொலஞ்ச ஆளு நீயான்னு கேக்கப் போறானுங்க. ஷேவ் பண்ணிக்கினு போ நைனா."

ஊருக்கெல்லாம் மழித்த கை. ஒரு வாரமாகத் தன் தாடையைத் தொடவில்லை. ஜன்னல் கம்பியில் கைக்கண்ணாடியைத் தொங்கவிட்டு, சோப்பு நுரையைப் போட்டார். கண்ணாடியில் ஒரு பழுப்புத் திட்டு தெரிந்தது. ரசம் போய்விட்டது போலிருக்கிறது என்று கட்டைவிரலால் தேய்த்தார். போகவில்லை. தலையை நகர்த்தினார். திட்டு அவர் காதுக்குப் பின்னால் போய் ஒளிந்து, மறுபடி வந்தது. கண்ணாடியில் இல்லை அது. முதுகுக்குப் பின்னால் சுவரில் இருந்த படத்தில் இருந்தது.

அப்போதுதான் பாலத்தைப் பார்த்தார். கைக்கண்ணாடிக்குள் பாலம் பீச்சாங்கைப் பக்கம் நின்றது. பூவரசு அதன் இடத்தில், குடிசைகள் அவற்றின் இடத்தில். கடை வாசலில் நின்று முப்பது வருஷம் பார்த்த கால்வாய், ஒரு முழம் பிசகாமல்.

சவரக்கத்தி கையிலேயே நின்றுவிட்டது.

பெண்டாட்டி செத்தபோது வெங்கடேஷ் சின்னப் பையன். கண் அசந்தால் கால்வாய்க்கு ஓடுவான். பள்ளிக்கூடம் விட்டதும் சலூன் நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே பலகை போட்டு, கண்ணாடியைப் பார்க்க அவனை உட்காரவைத்து விடுவார். திரும்பினால் காதை அறுத்துவிடுவேன் என்று கத்தியைக் காட்டுவார். பையன் திரும்பமாட்டான். அவன் பார்த்த கால்வாய் எல்லாம் அந்தப் பெரிய கண்ணாடிக்குள் பார்த்ததுதான். அந்தக் கண்ணாடியிலும் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி ரசம் போன இடம் ஒன்று உண்டு. கிளிமூக்கு மாங்காய் போல.

பாதி முகத்தில் நுரையோடு ஏகாம்பரம் செருப்பைத் தேடினார்.

கடையை மூடியபோது கண்ணாடியையும் நாற்காலியையும் ஆதம்பாக்கத்தில் சலூன் வைத்திருக்கும் பீர் முஹம்மதுக்குத் தள்ளிவிட்டிருந்தார். அது போன இடம் வெங்கடேஷுக்கும் தெரியும். வேளச்சேரி வரைக்கும் ரயில், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வழியெல்லாம், இதுவும் பைத்தியக்கார யோசனைதான், அங்கே ஒன்றும் இருக்காது என்று தனக்கே சொல்லிக்கொண்டு போனார்.

விஷயத்தைக் கேட்டதும் பீர் முஹம்மது கத்திரியைக் கீழே வைத்தார். ஒருத்தன் நாலைந்து நாளாக வருகிறான் என்றார். முடி வெட்டிக்கொள்வதில்லை, பேசுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியையே பார்க்கிறான். டீ கொடுத்தால் குடிக்கிறான். அவன் ஏகாம்பரத்தின் பிள்ளை என்று அவருக்குத் தெரியாது.

"நேத்து என்னாண்ட ஒண்ணு கேட்டான் அண்ணே." பீர் முஹம்மது ஏகாம்பரத்தைப் பார்க்காமல் சொன்னார். "பாய், இதுல ஒரு கால்வா இருந்துச்சே, எங்க போச்சுன்னான். நான் சிரிச்சிட்டேன். எழுந்து போய்ட்டான்."

ஏகாம்பரம் கண்ணாடியைப் பார்த்தார். அதில் எதிர்ச்சாரி செல்போன் கடை தெரிந்தது. அதற்கு மேலே மூன்று மாடி, கொடியில் யாருடைய நைட்டியோ.

வாசலில் போய் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பீர் முஹம்மது தோளைத் தொட்டு உள்ளே அழைத்தார். வாசலில் ஆள் நின்றால் அவன் தெருமுனையிலேயே திரும்பிவிடுகிறானாம். உள்ளே உட்கார்ந்திருக்கும்போதுகூட யாராவது திரும்பி முகத்தைப் பார்த்தால் எழுந்துகொள்கிறானாம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் மட்டும் ஒன்றும் செய்வதில்லை.

ஏகாம்பரம் தன் பழைய நாற்காலியில், தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மகளுக்குப் போன் போடச் சொன்னார். வந்தால் கூட்டம் சேர்க்காதே, தள்ளியே நில் என்று சொல்லச் சொன்னார்.

மத்தியானம் போயிற்று. முகத்தில் நுரை காய்ந்து தோல் இழுத்தது. செல்போன் கடை, ஆட்டோ, நைட்டி, ஆட்டோ. கடலுக்குத்தான் போயிருப்பான் என்று ஒரு மனசு சொன்னது. பீர் முஹம்மது சிரித்ததும் நேரே கடலுக்குப் போயிருப்பான். எழுந்து பட்டினப்பாக்கத்துக்கு ஓடவேண்டும் போல கால் துடித்தது. ஓடுகிற நேரத்தில் அவன் இங்கே வந்தால்? நாற்காலியின் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எந்த நம்பிக்கையும் இல்லாமல்தான் உட்கார்ந்திருந்தார்.

வெயில் சாய்ந்தபோது கடைப் படியில் ஒரு ஆள் வந்து நின்றது. கண்ணாடியில் கால்கள் தெரிந்தன. செருப்பில்லாத, புழுதி அப்பிய கால்கள். அதற்கு மேலே கசங்கிய லுங்கி, ஒரு கை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ரசம் போன பழுப்புத்தான் இருந்தது.

பீர் முஹம்மது வாசல் பக்கம் முகத்தைத் திருப்பப் போனார். ஏகாம்பரம் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

கழுத்து தானாகத் திரும்ப முயன்றது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையை நேரே வைத்தார். பையிலிருந்த மாத்திரை அட்டை மூச்சுக்கு மூச்சு நெஞ்சில் குத்தியது.

"பாலம் சோத்தாங்கைப் பக்கந்தான் நைனா" என்றார் கண்ணாடியைப் பார்த்து. "நீ சரியாத்தான் போட்டுக்கிற."

கால்கள் உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை. ஏகாம்பரம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.