எபினேசர் அண்ணன் பாடிய முதல் பாட்டு

ரூத், ரிஃபத், நான் என மூவர் சேர்ந்த எங்கள் குழுவின் முதல் ஆல்பத்தை முழுதாகக் கேட்க எபினேசர் அண்ணன் சூலூருக்குக் கூப்பிட்டிருந்தார். அவருடைய ஸ்டுடியோவைச் சுற்றிலும் விசைத்தறிகள். அவை ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில், அவர் சர்ச்சுக்குப் போய் வந்த பிறகுதான் பதிவு நடக்கும். ஒரு வருடத்து ஞாயிறுகள் எங்களுக்கு அங்கேதான் போயின.

முதல் பாட்டு தொடங்கியது. அதில் கேட்ட பாஸ் கிட்டார் என்னுடையது இல்லை.

"உன்ற வாசிப்பு கொஞ்சம் மெலிசா இருந்துது கண்ணு. நானே வாசிச்சுப்போட்டேன்," என்றார்.

ரிஃபத்தின் டிரம்ஸையும் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் அடித்திருந்தார். ரூத்தின் குரலும் கிட்டாரும் மட்டும் மிச்சம். அட்டையில் 'மின்தடை' என்ற எங்கள் குழுவின் பெயருக்குக் கீழே 'இசை: எபினேசர்' என்றிருந்தது.

"ஏனுங்ணா, எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்லங்க?" என்றாள் ரிஃபத்.

"கேட்டா வேண்டாம்பீங்க. பாரு, சைத்ரா ஏதாச்சும் சொல்லுச்சா? அதுக்குப் புரிஞ்சிருச்சு."

நான் எங்கேயும் எதுவும் சொன்னதில்லை. இயற்பியல் வாய்மொழித் தேர்விலும் பதில் தெரிந்தும் பேசாமல் நின்றிருக்கிறேன். அன்று ஒன்று மட்டும் கேட்டேன்: நாங்கள் வாசித்த மூலப் பதிவுகள்.

"எதுக்கு கண்ணு?"

"ஞாபகத்துக்குங்க."

சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

சரவணம்பட்டியில் என் அறையில் உட்கார்ந்து ஆல்பத்தை மறுபடி கோக்க ஆரம்பித்தேன். என் பாஸ் பதிவு ஒன்றின் கடைசியில் அவர் குரல் இருந்தது. பதிவு ஓடிக்கொண்டே இருக்க, நாங்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரம். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எங்களோடு பேச அவரிடம் ஒரு மைக் உண்டு. அதை அணைக்காமல் யாருடனோ போனில் பேசியிருக்கிறார். குரல் எங்கள் காலி அறையின் ஸ்பீக்கரில் வந்து, என் ஆம்ப்ளிஃபயர் முன்னால் இருந்த மைக்கில் பதிவாகியிருக்கிறது. அதை அவர் அழிக்காததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். நான் வாசித்ததை அவர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"மூணு புள்ளைகளுங்க. கல்யாணம் ஆனா எல்லாத்தையும் பரண்ல ஏத்திப்போடுவாளுக. எங்கூட்டு டீனாவும்தான் வயலின் வாசிச்சா. இப்பப் பூச்சி அரிச்சுக் கெடக்குது. பாட்டு நல்லாத்தான் இருக்குது, பேரு எம்பேருதானுங்க போகும்." பிறகு நீளமாக ஒரு சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்கு ரிஃபத் டிரம்ஸ் அடித்தாள். பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கு நான் பாஸ் வாசித்தேன். ரூத் பாடாமல் கிட்டாரோடு நிறுத்திக்கொண்டாள். அதையே முதல் பாட்டாக வைத்தோம். புது அட்டையில் 'பாடியவர்: எபினேசர்' என்று போட்டோம்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு சின்ன அரங்கில் வெளியீடு. அவர்தான் சிறப்பு விருந்தினர். தான் செய்த ஆல்பம் வெளியாகிறது என்று நினைத்து, மனைவி டீனாவையும் கூட்டி வந்தார். நாங்கள் எதையும் மறுக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் ரூத் என் கையைப் பிடித்தாள். "அக்கா வந்திருக்காங்கடி. அந்த வயலின் வரிய மட்டும் வெட்டிப்போடு."

"வெட்டுனாத் தாளம் ஒடஞ்சிரும்," என்றாள் ரிஃபத்.

"இப்பத் தாளந்தான் முக்கியமாக்கும்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மடிக்கணினி என்னிடம்தான் இருந்தது. வெட்டவில்லை. தாளத்துக்காக இல்லை. அவருக்கு மிகவும் வலிக்கப்போவது அந்த இடம்தான்.

ரிஃபத் அவருக்குப் பொன்னாடை போர்த்தினாள். எங்கள் ஊரில் பொன்னாடை போர்த்திய கையோடு யாரும் மேடையைவிட்டு இறங்க மாட்டார்கள். நான் மைக்கை வாங்கினேன்.

"அண்ணன் பாடுன பாட்டுங்க. நின்னு கேளுங்க."

கும்பிட்டபடி நின்றார். தன் குரலைக் கேட்டதும் முதலில் புன்னகைத்தார். அரங்கு சிரித்தது. வயலின் வரி வந்தபோது அவர் கை கீழே இறங்கியது. நாங்கள் பாட்டை முதலிலிருந்து திரும்பத் திரும்ப வாசித்தோம். மூன்றாம் சுற்றில் கூட்டமே சேர்ந்து பாடியது: "பேரு எம்பேருதானுங்க போகும்!" பொன்னாடை நழுவியது. என்ன செய்வதென்று தெரியாமல் அவரே அதை இழுத்துப் போர்த்திக்கொண்டார். நான் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அவ்வளவு நன்றாக அதற்கு முன் நான் வாசித்ததில்லை.

எல்லாம் முடிந்ததும் டீனா அக்கா தனியாக என்னிடம் வந்தார்.

"அவரு உன்ற வாசிப்ப அழிச்சாரு, நீ அவரு மானத்த வாங்கிப்போட்ட. சரி. நான் என்ன கண்ணு பண்ணுனேன்?"

"அந்த வரிய வெட்டியிருக்கலாமுங்க."

"வெட்டல."

"இல்லீங்க."

"அவரும் இப்படித்தான். என்ன செஞ்சாலும் பதில மட்டும் பணிவாச் சொல்லுவாரு."

அக்கா போய்விட்டார். மறுநாள் காலையில் ஆல்பம் இணையத்தில் வெளியாகவிருந்தது. அந்த வரியை வெட்ட இன்னும் நேரம் இருந்தது. ரூத் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெட்டாமலே மடிக்கணினியை மூடினேன்.