கறுப்பு அங்கியில் கிரிவலம்

சென்னையில் பட்டம் வாங்கிய கையோடு பஸ் ஏறிய தனம், திருவண்ணாமலை வரும்வரை கறுப்பு அங்கியைக் கழற்றவில்லை. புருஷன் காசி கழற்ற விடவில்லை. வாடகை அங்கி வேண்டாமென்று தையல்காரரிடம் சொல்லித் தைத்து வாங்கியவன் அவன். ஊர் பார்க்க வேண்டாமா என்றான். பன்னிரண்டாவது முடித்ததும் கல்யாணமாகி, மகள் கீர்த்தனா ஒன்பதாவது படிக்கும்போது அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தவளுக்கும் அதைக் கழற்ற மனசில்லைதான்.

பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊரெல்லாம் பௌர்ணமிக் கூட்டம். இருந்த சந்தோஷத்தில் இரண்டு பேருக்குமே அது மறந்துபோயிருந்தது. அதிலும் காசி ஆட்டோக்காரன்! கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். வீடோ அடி அண்ணாமலையில். செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு நடந்தார்கள்.

ரமணாசிரமம் தாண்டியதும் ஒரு அம்மாள் தனத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் கும்பிட்டார்கள். எந்த மடம் என்று ஒருவர் பயபக்தியோடு விசாரித்தார். காசி சிரிப்பை அடக்க முடியாமல் சாலையோரம் உட்கார்ந்துவிட்டான். அதற்குள் அந்த அம்மாள் தன் மகளை இழுத்துவந்து தனத்தின் காலில் விழவைத்தாள்.

தனம் பதறிப்போய் அந்தப் பெண்ணைத் தூக்கினாள். "நான் சாமியார் இல்லீங்க. பி.ஏ. பாஸ் பண்ணியிருக்கேன். அதுக்குப் போடுற டிரெஸ்ஸு இது."

அம்மாள் அசரவில்லை. "அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. இவ இங்கிலீஷ்ல பெயிலாயிட்டு, இனிமே படிக்கவே மாட்டேன்றா. நீயே சொல்லும்மா."

"நான் அதே இங்கிலீஷ்ல ரெண்டு வாட்டி பெயில் கண்ணு," என்றாள் தனம். "திரும்ப எழுது, வந்துடும்."

உம்மென்றிருந்த பெண் சிரித்துவிட்டாள். அங்கியை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டாள். தனம் கழற்றி மாட்டிவிட்டாள். பிறகு அம்மாள் போட்டுப் பார்த்தாள். மடம் விசாரித்தவரும் விடவில்லை. கடைசியில் காசி அதை வாங்கி மாட்டிக்கொண்டு, வீடு வரைக்கும் கையை வீசி வீசி நடந்தான்.

ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற கீர்த்தனா அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பட்டம் யாருக்குக் குடுத்தாங்க?"

தெருவே சிரித்தது. தனம் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழிய, தட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். காசி அங்கியைக் கழற்றி அவள் தோளில் போட்டான். ஆரத்தி சுற்றி முடிந்ததும் யாரோ தப்பட்டையை எடுத்து அடிக்க, பட்டதாரி தனம், அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி ஆடினாள்.