ஒட்டிப்போன கடைசித் தாள்

ஆவிகளை அழைக்கும் பழைய மந்திரப் புத்தகம் ஒன்றைக் கணவர் எங்கிருந்தோ பொறுக்கிக்கொண்டு வந்தபோதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் பைண்டிங் கடை வைத்திருப்பவள் ஆயிற்றே; உதிர்ந்த தாள்களைத் தைத்து, புது அட்டை போட்டுக் கொடுத்துத் தொலைத்தாள்.

மூன்றாம் நாள் அவர் கடைக்கே வந்து தாம்தூம் என்று குதித்தார்.

"ஆவி வந்துடுச்சு, போக மாட்டேங்குது! சோபாவுல காலை நீட்டிப் படுத்திருக்கு. அனுப்புற மந்திரம் புத்தகத்துலயே இல்ல. என்னடி பண்ணி வச்சிருக்க?"

முன்பக்கம் வெறுமையாக இருந்த கடைசித் தாளை, பின்பக்கம் திருப்பிப் பார்க்காமலே அட்டையோடு ஒட்டியது அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. தலையில் அடித்துக்கொண்டு, ஈரத்துணி போட்டு ஊறவைத்து, தாளை மெல்ல உரித்தாள். பின்பக்கத்தில் ஒரே வரிதான் இருந்தது: 'அழைத்தவர் வாய்திறந்து மன்னிப்புக் கேட்டால், வந்தது போய்விடும்.'

"இவ்வளவுதானே? போய்க் கேட்டுடுங்க."

"நான் எதுக்குக் கேக்கணும்? ஒட்டினது நீ!"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை. இனிமேலா வரப்போகிறது? மேற்கொண்டு மல்லுக்கட்டாமல் கடையைப் பூட்டினாள். வீட்டுக்குப் போகிற வழியில் ஆவிக்கு ஒரு தலையணை வாங்கிக்கொண்டாள்.